கூலண்ட் எங்கே போகிறது?

பெட்ரோல் தீரும், பிரேக் பேட் தேயும், எஞ்சின் ஆயில்கூட ஓட ஓடக் கொஞ்சம் எரியும். கூலண்ட் தீராது. மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வரும் திரவம் அது. மாதம் தவறாமல் அரை லிட்டர் ஊற்ற வேண்டியிருக்கிறது என்றால், அந்த அரை லிட்டர் எங்கோ வெளியேறுகிறது என்று பொருள். ஊற்றி ஊற்றியே ஓட்டுகிறவர்கள் என்றாவது ஒருநாள் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில் நீராவியோடு நிற்பார்கள். அன்றைய செலவு ஒரு ஹோஸ் கிளிப்பின் விலையோடு முடியாது.

இந்த அத்தியாயத்தில் பழுது பார்ப்பதைவிடப் பழுதைத் தேடுவதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். பாகத்தைக் கழற்றி மாட்டுவது பெரும்பாலும் அரைமணி நேர வேலைதான். எந்தப் பாகம் என்று தெரியாமல் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதில்தான் பணம் கரைகிறது.

கை வைக்கும் முன்

1. சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். அது குக்கரின் வெயிட் போன்ற ஏற்பாடு. மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 என்று பொறித்திருக்கும். அத்தனை பார் அழுத்தம் வரை அது உள்ளே பிடித்து வைக்கும். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி செல்சியஸ் வாக்கில்தான் கொதிக்கும். மூடியைத் திறந்ததும் அழுத்தம் விட்டுப்போய், உள்ளிருப்பது ஒரே கணத்தில் பொங்கி முகத்தில் அடிக்கும். எஞ்சினை நிறுத்தி இரண்டு மணி நேரமாவது விடுங்கள். இரவு நிறுத்திக் காலையில் பார்ப்பது இன்னும் நல்லது. ஈரத்துணியைப் போட்டுத் திறக்கலாம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள்.

2. எலக்ட்ரிக் ஃபேன் சாவியை எடுத்த பிறகும் சில கார்களில் சுழலும். ரேடியேட்டர் பக்கம் கை விடுவதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிடுங்கள்.

3. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள். ஜாக் ஸ்டாண்ட் கட்டாயம். ஹாலோ பிளாக் கல் ஜாக் ஸ்டாண்ட் ஆகாது. சொல்லாமல் கொள்ளாமல் உடையும்.

4. பெரும்பாலான கூலண்டில் இருப்பது எத்திலீன் கிளைக்கால். நஞ்சு, ஆனால் இனிக்கும். தெருநாயும் பூனையும் நக்கும், குழந்தைகள் விரலில் தொட்டு வாயில் வைப்பார்கள். கீழே சிந்தியதை உடனே துடைத்து, அந்த இடத்தில் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பழைய குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள். யாராவது விழுங்கிவிட்டால் வீட்டு வைத்தியம் வேண்டாம், நேராக மருத்துவமனை.

தேவைப்படுபவை: டார்ச், பழைய செய்தித்தாள் அல்லது அட்டை, வெள்ளைத்துணி, பிளையர், ஸ்க்ரூ டிரைவர், அகலமான தட்டு, ரப்பர் கையுறை, கண் கண்ணாடி. சிறிய முகம்பார்க்கும் கண்ணாடி ஒன்று இருந்தால், எஞ்சினின் பின்பக்கத்தைக் கழுத்து வலிக்காமல் பார்க்கலாம்.

உங்கள் கார் எந்த வகை?

இதைத் தெரிந்துகொள்ளாமல் தேட ஆரம்பித்தால் முதல் படியிலேயே வழி தவறும்.

மாருதி ஆல்ட்டோ, வேகன் ஆர், ஹூண்டாய் சான்ட்ரோ, ஐ10, ஹோண்டா சிட்டி போன்றவற்றில் ரேடியேட்டரின் தலையிலேயே ஒரு உலோக மூடி இருக்கும். பக்கத்தில் பிளாஸ்டிக் பாட்டில் தனியாக இருக்கும். சூடேறும்போது விரியும் கூலண்ட் மெல்லிய குழாய் வழியாகப் பாட்டிலுக்குப் போகும். ஆறும்போது திரும்ப உறிஞ்சப்படும். பாட்டிலில் அழுத்தம் கிடையாது.

ஃபோக்ஸ்வாகன் போலோ, ஃபோர்டு ஃபிகோ போன்றவற்றில் ரேடியேட்டரில் மூடி இருக்காது. பிளாஸ்டிக் டேங்கின் திருகு மூடியே அழுத்தத்தைத் தாங்கும். இந்த டேங்கும் சூட்டில் திறக்கக் கூடாததுதான்.

முதல் வகைக் கார் வைத்திருப்பவர்கள் பலர் ஆண்டுக்கணக்கில் பாட்டிலை மட்டுமே பார்க்கிறார்கள். பாட்டில் நிரம்பியிருக்கும், ரேடியேட்டர் காலியாக இருக்கும். இது எப்படி நடக்கிறது? மூடிக்குள் இரண்டு வால்வுகள் உண்டு. ஒன்று வெளியே விடுவதற்கு, இன்னொன்று திரும்ப உள்ளே இழுப்பதற்கு. உள்ளே இழுக்கும் சின்ன வால்வோ மூடியின் ரப்பரோ கெட்டுவிட்டால், போன கூலண்ட் திரும்பாது. பாட்டிலுக்குப் போகும் மெல்லிய குழாயில் வெடிப்பு இருந்தாலும் இதேதான். கூலண்டுக்குப் பதில் காற்றை உறிஞ்சும். ஆகவே பாட்டிலின் அளவு முழுத் தகவல் ஆகாது. ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்து, ரேடியேட்டரின் கழுத்து வரை கூலண்ட் நிற்கிறதா என்று பார்த்தால்தான் கணக்கு சரியாகும்.

குறைகிறதா என்று அளப்பது

1. சமதளத்தில், காலையில், எஞ்சினைத் தொடுவதற்கு முன் பாருங்கள். சூட்டில் அளவு ஏறியிருப்பது இயல்பு.
2. ரேடியேட்டரைக் கழுத்து வரையிலும், பாட்டிலை மேல் கோடு, கீழ்க் கோடு இரண்டுக்கும் நடுவிலும் நிரப்புங்கள்.
3. பாட்டிலின் மேல் மார்க்கர் பேனாவால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள்.
4. வழக்கம்போல ஒரு வாரம் ஓட்டிவிட்டு அதேபோல் காலையில் பாருங்கள்.

புதிதாகக் கூலண்ட் மாற்றிய காரில் முதல் சில நாட்கள் அளவு கொஞ்சம் இறங்கும். உள்ளே மாட்டியிருந்த காற்று வெளியேறுவதால் வருவது அது. ஒருமுறை நிரப்பியதும் நின்றுவிட்டால் கவலை வேண்டாம்.

கீழே சொட்டுவது கூலண்ட்தானா?

சித்திரை, வைகாசியில் மெக்கானிக் கடைக்கு வரும் ‘தண்ணீர் ஒழுகுது’ புகார்களில் பாதி ஏசி தண்ணீர். ஏசி போட்டு ஓட்டிய காரின் முன்பக்கம், பெரும்பாலும் பயணி இருக்கைக்கு நேர்க்கீழே, தெளிவான நீர் சொட்டும். அது சொட்டத்தான் வேண்டும். சொட்டாமல் அடைத்துக்கொண்டால்தான் வம்பு.

வித்தியாசம் காண வெள்ளைத்துணியில் ஒற்றி எடுங்கள். நிறமோ வாசனையோ இல்லாமல், விரலில் பிசுக்கில்லாமல் இருந்தால் ஏசி நீர். பச்சை, சிவப்பு, நீலம், மஞ்சள் என ஏதாவது சாயலும், வழவழப்பும், லேசான இனிப்பு வாசனையும் இருந்தால் கூலண்ட். நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. வேண்டாம், மேலே சொன்னதை மறக்காதீர்கள். எண்ணெய்போல இருந்தால் இந்த அத்தியாயத்தின் வேலை இல்லை.

வெளிக்கசிவைத் தேடும் வரிசை

இரவு காருக்கு அடியில் செய்தித்தாளையோ அட்டையையோ விரித்து, முன்சக்கரங்கள் எங்கே நின்றன என்று அதில் குறித்து வையுங்கள். காலையில் கறை விழுந்த இடம் பாதி விடை சொல்லிவிடும். ஆனால் கறை விழவில்லை என்பதால் கசிவு இல்லை என்று ஆகாது. சூடான எஞ்சின் மேல் வடியும் சிறு கசிவு தரைக்கு வருமுன் ஆவியாகிவிடும். அது விட்டுச்செல்வது உலர்ந்த உப்புப் படிவம்: வெண்மையாகவோ பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ ஒரு பொருக்கு. டார்ச்சை எடுத்துக்கொண்டு நீங்கள் தேட வேண்டியது ஈரத்தைவிட அந்தப் பொருக்கைத்தான்.

1. ரேடியேட்டர் மூடி. ரப்பர் வளையத்தில் வெடிப்பு, தட்டையான பதிவு, துரு இருக்கிறதா? இருந்தால் மாற்றுங்கள். மொத்தத் தேடலிலும் மலிவான பாகம் இதுதான்.

2. ஹோஸ் முனைகள். மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸ்கள், சில எஞ்சின்களில் திராட்டில் பாடிக்குப் போகும் விரல் தடிமன் ஹோஸ்கள். கிளிப்புக்கு அடியில் பொருக்கு இருக்கிறதா பாருங்கள். ஹோஸை அமுக்கினால் நொறுநொறுவென்று ஒலித்தாலோ, ஒரு பக்கம் உப்பியிருந்தாலோ, எண்ணெய் பட்டு ஊறிக் கொழகொழவென்று இருந்தாலோ அதன் ஆயுள் முடிந்தது. சில கிளிப்புகள் குளிரில் மட்டும் கசியும். எஞ்சின் சூடேறியதும் ரப்பர் விரிந்து அடைத்துக்கொள்ளும். அதிகாலையில் பார்க்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

3. ரேடியேட்டர். இன்றைய ரேடியேட்டரின் நடுப்பகுதி அலுமினியம், இரு முனைத் தொட்டிகளும் பிளாஸ்டிக். இரண்டையும் மடித்துச் சேர்த்திருக்கும் விளிம்பில்தான் முதலில் கசியும். ஹோஸ் மாட்டும் பிளாஸ்டிக் கழுத்தில் முடி அளவு விரிசல் விழுவதும் சகஜம்.

4. பாட்டில் அல்லது டேங்க். அடிப்பகுதியிலும் ஒட்டுத் தையலிலும் பாருங்கள். பழுத்து மஞ்சளான பிளாஸ்டிக் சட்டென்று விரியும்.

5. வாட்டர் பம்ப். பம்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். உள்ளே இருக்கும் சீல் தேய்ந்தால் கூலண்ட் அதன் வழியாக வெளியே வரும்படிச் செய்திருக்கிறார்கள். துளைக்குக் கீழே லேசான கறை மட்டும் இருந்தால் கவனித்து வாருங்கள். சொட்டினால், அல்லது புல்லி ஆடினால், பம்பை மாற்ற வேண்டும். துளையை எம்-சீல் வைத்து அடைக்கும் புத்திசாலிகள் உண்டு. அடைத்தால் கூலண்ட் பேரிங்குக்குள் போய் அதையும் சேர்த்துக் கெடுக்கும்.

6. தெர்மோஸ்டாட் வீடு. எஞ்சினில் மேல் ஹோஸோ கீழ் ஹோஸோ சேரும் இடம். கேஸ்கெட் அல்லது ஓ-ரிங் கசியும்.

7. காருக்குள்ளே. டேஷ்போர்டுக்குள் ஹீட்டருக்கென்று ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கிறது. ஹீட்டரையே போடாத நம் ஊரிலும் பல கார்களில் அதற்குள் கூலண்ட் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அது கசிந்தால் பயணியின் கால்பக்க மேட் ஈரமாகும், காருக்குள் இனிப்பு வாசனை வரும், முன் கண்ணாடியின் உட்புறம் துடைக்கத் துடைக்கப் போகாத பிசுக்கு படியும். மேட் ஈரமாக மட்டும் இருந்து பிசுக்கும் வாசனையும் இல்லையென்றால், அடைத்துக்கொண்ட ஏசி வடிகால் குழாயாக இருக்கும்.

குறிப்பு: எஞ்சின் முழுக்க அழுக்கும் எண்ணெயும் அப்பியிருந்தால் எதுவும் புலப்படாது. துணியால் துடைத்துவிட்டு மூன்று நாள் ஓட்டிப் பாருங்கள். பிரஷர் வாஷ் அடித்தால் அழுக்கோடு தடயமும் போய்விடும்.

கண்ணுக்குத் தெரியவில்லையா? அழுத்தம் கொடுங்கள்

கையால் அடிக்கும் பம்பும் அழுத்த மானியும் கொண்ட பிரஷர் டெஸ்டரை ரேடியேட்டர் மூடியின் இடத்தில் மாட்டலாம். சொந்தமாக வாங்கத் தேவையில்லை. ஓரளவு பெரிய ஒர்க்‌ஷாப்புகளிலும் ரேடியேட்டர் கடைகளிலும் இருக்கும்.

1. ஆறிய எஞ்சினில், முழுக்க நிரப்பிய ரேடியேட்டரில் மாட்டுங்கள்.
2. மூடியில் பொறித்திருக்கும் அளவு வரை மட்டும் அடியுங்கள். அதற்கு மேல் போனால் நல்ல ரேடியேட்டரும் விரியும்.
3. பத்து, பதினைந்து நிமிடம் விடுங்கள். முள் இறங்கினால் கசிவு உண்டு. அந்த நேரத்தில் டார்ச்சோடு மேற்சொன்ன வரிசையில் மறுபடி பாருங்கள்.
4. முள் இறங்குகிறது, வெளியே எங்கும் ஈரமில்லை, காருக்குள்ளும் இல்லை என்றால் சந்தேகம் எஞ்சினுக்குள் போகிறது.

உள்ளே போகிறது என்றால்

ஹெட் கேஸ்கெட் என்ற பெயரைக் கேட்டதும் பலருக்கு வயிற்றைக் கலக்கும். கூலண்ட் குறையும் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு இது காரணமே இல்லை. அதனால்தான் கடைசியில் வைத்திருக்கிறேன். ஆனாலும் கீழ்க்கண்டவற்றில் இரண்டு சேர்ந்து தெரிந்தால் காரை ஓட்டாதீர்கள்.

சைலன்ஸரிலிருந்து எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகும் அடர்ந்த வெண்புகை வருவது. (குளிர்ந்த காலையில் முதல் சில நிமிடம் வரும் ஆவியும், நுனியில் சொட்டும் நீரும் எல்லாக் கார்களிலும் உண்டு.) ஆயில் குச்சியில் பால் கலந்த காப்பி நிறம். இரவெல்லாம் ஆறிய பிறகும் மேல் ஹோஸ் கல்லாக இறுகியிருப்பது. ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்தால் ரேடியேட்டர் கழுத்தில் குமிழிகள் நிற்காமல் வருவது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினால் ஒன்று மட்டும் கழுவியதுபோலப் பளிச்சென்று இருப்பது.

ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறம் மட்டும் கொஞ்சம் வெண்ணெய்போல் படிந்திருந்து, குச்சியில் ஆயில் சுத்தமாக இருந்தால் பயப்பட வேண்டாம். தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் கார்களில் ஈரப்பதம் அப்படிப் படியும்.

உறுதி செய்ய ஒரு சோதனை உண்டு. ரேடியேட்டர் கழுத்தின் மேலுள்ள காற்றை நீல நிறத் திரவத்தின் வழியாக உறிஞ்சுவார்கள். எரிந்த வாயு கலந்திருந்தால் பெட்ரோல் எஞ்சினில் திரவம் மஞ்சளாக மாறும். மாறினால் வீட்டு வேலை அத்தோடு முடிந்தது. ஹெட்டை இறக்கி, லேத்தில் சமதளம் பார்த்து ஏற்றுவது அனுபவமுள்ள எஞ்சின் மெக்கானிக்கின் வேலை. டீசல் கார்களில் ஈஜிஆர் கூலர் என்ற பாகம் உட்புறம் ஓட்டையானாலும் கூலண்ட் தடயமில்லாமல் மறையும். ஹெட்டை இறக்கச் சொல்வதற்கு முன் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஹோஸ் மாற்றும் முறை

மூடி மாற்றுவதற்கு விளக்கம் தேவையில்லை. பழையதில் பொறித்த எண் புதியதிலும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ‘1.1 போட்டால் இன்னும் நல்லது’ என்று 0.9 இருந்த இடத்தில் போடாதீர்கள்.

1. எஞ்சின் முழுக்க ஆறியதும் மூடியைத் திறந்து, ரேடியேட்டர் அடியிலுள்ள வடிகால் திருகைத் தளர்த்தித் தட்டில் பிடியுங்கள். திருகு பிளாஸ்டிக்காக இருக்கும், முரட்டுத்தனம் வேண்டாம். வடித்த அளவைக் குறித்துக்கொள்ளுங்கள், நிரப்பும்போது உதவும்.
2. கிளிப்பைப் பின்னுக்குத் தள்ளுங்கள். ஹோஸ் ஒட்டிக்கொண்டிருந்தால் நேராக இழுக்காமல் திருகி விடுவியுங்கள். அப்படியும் வராவிட்டால் ஹோஸை நீளவாக்கில் கத்தியால் கீறி உரியுங்கள். ஹோஸ் எப்படியும் குப்பைக்குத்தான். ரேடியேட்டர் கழுத்து உடைந்தால் பெரும் செலவு.
3. கழுத்தில் படிந்த பொருக்கை மெல்லிய எமரித்தாளால் துடையுங்கள். புது ஹோஸ் கசிவதற்குப் பாதிக் காரணம் இதை விட்டுவிடுவது.
4. முனையில் கொஞ்சம் கூலண்ட் தடவி மாட்டுங்கள். கிரீஸ், எஞ்சின் ஆயில் வேண்டாம், ரப்பர் ஊறிவிடும்.
5. கிளிப் கழுத்தின் மேட்டைத் தாண்டி உட்புறம் உட்கார வேண்டும். திருகு கிளிப்பாக இருந்தால் ஹோஸ் அசையாத அளவு முடுக்கினால் போதும். கம்பெனி போட்ட ஸ்பிரிங் கிளிப் நல்ல நிலையில் இருந்தால் அதையே போடுங்கள். சூட்டில் விரிந்து சுருங்குவதற்கு ஈடுகொடுப்பது அதுதான்.

ரேடியேட்டர் கசிந்தால் மாற்றிவிடுங்கள். பற்றவைத்துச் சரிசெய்ததெல்லாம் செம்பு, பித்தளை ரேடியேட்டர் காலம். வாட்டர் பம்ப் டைமிங் பெல்ட்டால் ஓடும் எஞ்சினாக இருந்தால் வீட்டில் கை வைக்க வேண்டாம். பம்பையும் பெல்ட்டையும் ஒரே வேலையாக ஒர்க்‌ஷாப்பில் மாற்றுங்கள்.

நிரப்புவதும் காற்றை எடுப்பதும்

‘நம் ஊரில் என்ன பனியா உறைகிறது, பைப் தண்ணீர் போதாதா?’ என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கூலண்ட் உறைவதைத் தடுப்பதோடு துருவைத் தடுக்கிறது, பம்பின் சீலைக் காக்கிறது, கொதிநிலையையும் உயர்த்துகிறது. போர் தண்ணீரில் உள்ள உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கும். குறிப்பேட்டில் சொன்ன வகையையே வாங்குங்கள். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள்; எல்லாப் பச்சையும் ஒரே ரசாயனம் அல்ல, தவறாகக் கலந்தால் கூழாகிவிடும். டப்பாவில் ஐ.எஸ். 5759 அல்லது ஜே.ஐ.எஸ். கே 2234 என்று இருக்கிறதா பாருங்கள். கலந்தே வருவது என்றால் அப்படியே ஊற்றலாம். அடர் கூலண்ட் என்றால் பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர்.

1. காரின் முன்பக்கம் சற்று மேடாக இருக்கும்படி நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டுச் சக்கரத்துக்கு அண்டை கொடுங்கள். பேட்டரி இணைப்பைத் திரும்ப மாட்டி, ஹீட்டர் குமிழை முழுச் சூட்டுக்குத் திருப்புங்கள்.
2. மெதுவாக ஊற்றுங்கள். நடுநடுவே மேல், கீழ் ஹோஸ்களைக் கையால் அமுக்கிவிடுங்கள். குமிழியாகக் காற்று வரும்.
3. மூடியைத் திறந்தபடியே ஸ்டார்ட் செய்து ஐடிலில் விடுங்கள். 82 முதல் 88 டிகிரிக்குள் தெர்மோஸ்டாட் திறக்கும். அப்போது அளவு சட்டென்று இறங்கும். நிரப்புங்கள். கூலண்ட் கழுத்துக்கு மேல் எழும்பத் தொடங்கியதும் மூடிவிடுங்கள்.
4. ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை எஞ்சின் ஓடட்டும். மாட்டிய இடங்களை டார்ச் அடித்துப் பாருங்கள்.
5. மறுநாள் காலை மறுபடி திறந்து அளவு பாருங்கள். வடித்ததைவிடக் குறைவாகத்தான் உள்ளே போயிருக்கிறது என்றால் எங்கோ காற்று நிற்கிறது. மேற்சொன்னதைத் திரும்பச் செய்யுங்கள்.

டேங்கிலேயே மூடி உள்ள கார்களில் காற்றை எடுக்கும் திருகு தனியாக இருக்கலாம். அந்தக் காரின் குறிப்பேட்டு முறையைப் பின்பற்றுங்கள். வடித்த பழைய கூலண்டைச் சாக்கடையிலோ கிணற்றடியிலோ கொட்டாமல், கழிவு ஆயில் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கேட்டுக் கொடுங்கள்.

மஞ்சள்தூள் வைத்தியம்

அம்பாசடர் காலத்தில் ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள்தூளைக் கொட்டுவது டிரைவர்களின் கைவைத்தியம். அகலமான செம்புக் குழாய்களில் ஊர் போய்ச் சேரும்வரை அது தாங்கியது. இன்றைய அலுமினியக் குழாய்களின் இடைவெளி மிகக் குறுகல். ஓட்டையை அடைக்கும் தூள் குழாயையும் ஹீட்டரையும் சேர்த்து அடைக்கும். கடையில் விற்கும் ‘லீக் ஸ்டாப்’ திரவங்களும் இதே வேலையைத்தான் நாகரிகமாகச் செய்கின்றன. ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் வேறு வழியே இல்லாமல் ஊற்றினால், அடுத்த நாளே வடித்துக் கழுவிவிடுங்கள்.

வழியில் சூடேறினால்

இப்போதைய சிறிய கார்கள் பலவற்றில் வெப்பமானி முள் கிடையாது. எஞ்சின் குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, மிதமிஞ்சிச் சூடானால் சிவப்பு விளக்கு. நடுவில் எதுவும் இல்லை. சிவப்பு எரியும்போது ஏற்கெனவே தாமதம். கூலண்ட் மொத்தமாகப் போய்விட்டால் சென்சாரைத் தொட எதுவும் இல்லாமல் அது தவறாகக் காட்டவும் கூடும். அதனால் இனிப்பு வாசனை, பானெட்டில் ஆவி, ஏசி திடீரென்று குளிராமல் போவது ஆகியவற்றையும் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

1. ஏசியை நிறுத்துங்கள். ஹீட்டரை முழுச் சூட்டிலும் புளோயரை முழு வேகத்திலும் வைத்துக் கண்ணாடிகளை இறக்குங்கள். எஞ்சினின் சூட்டைக் கொஞ்சம் அது இழுக்கும்.
2. பாதுகாப்பான இடம் வந்ததும் ஒதுங்கி எஞ்சினை நிறுத்துங்கள். ஆவி வந்தால் பானெட்டை உடனே தூக்காதீர்கள்.
3. எஞ்சின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். சூடான உலோகம் வெடிக்கும்.
4. நன்றாக ஆறிய பிறகு மூடியைத் திறந்து நிரப்புங்கள். கூலண்ட் இல்லையென்றால் கடையில் வாங்கிய குடிநீர் போதும். ஊர் திரும்பியதும் வடித்துவிட்டுச் சரியான கலவையை நிரப்புங்கள்.
5. ஊற்றியது உடனே வெளியே ஓடினால் அங்கேயே நில்லுங்கள்.

சிவப்பு விளக்கைப் பார்த்த பிறகு ‘இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே’ என்று ஓட்டாதீர்கள். அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைவதற்கு அந்த இரண்டு கிலோமீட்டர் போதும். இழுவை வண்டிக்குக் கொடுக்கும் பணம் ஹெட் வேலைக்கு ஆகும் பணத்தைவிட எப்போதும் குறைவு.